கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

மனச்சோர்வு வந்தபின், அல்லது ஒரு பெரிய அதிர்ச்சிக்குப்பின், மனிதர்களிடமிருந்து விலகிப்போவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை இடம் தந்திருக்கிறோம். அடையாளங்களை நீக்கிச் சுருக்கியிருக்கிறோம். மனநல மருத்துவர் ஒருவரும் உளவியல் ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆறு மாதமாக ஃபோன் அடித்தால் யாரென்று பார்த்துவிட்டு, அது தானாக நிற்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நின்றதும் அப்பாடா என்றிருக்கிறது. ஆனால் ராத்திரி ஆனால், 'நான் யாருக்கும் வேண்டாதவள்' என்று நெஞ்சை அடைக்கிறது. தனியாக இருக்கத்தான் பிடிக்கிறது, தனியாக இருப்பதுதான் கொல்கிறது. ஏன் இப்படி?

அழைப்பு நின்றதும் வருகிறதே ஒரு 'அப்பாடா', சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விலகினால் உடனே வலி குறைகிறது என்பதை மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்கிறது. இதற்கிடையில் பதில் போடாத செய்திகள் சேருகின்றன. இப்போது பேசவேண்டுமென்றால், பேசுவதோடு ஆறு மாத மௌனத்துக்கும் விளக்கம் சொல்லவேண்டும். சுமை இரட்டிப்பாகிறது. எதிர்முனையில் இருப்பவர்களோ, 'நம்மைத் தவிர்க்கிறாள் போலிருக்கிறது' என்று நினைத்து அழைப்பதைக் குறைக்கிறார்கள். அதையே நீங்கள் ராத்திரியில் சாட்சியாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கச்சியோப்போ காட்டியது இது: நெடுநாள் தனிமையில் இருப்பவரின் மூளை, மற்றவர் முகத்திலும் பேச்சிலும் ஆபத்தின் அடையாளங்களைத்தான் முதலில் தேடுகிறது. சும்மா இருக்கும் முகம்கூடக் கோபமாகத் தெரியும். 'ம்' என்ற பதில் அலட்சியமாகக் கேட்கும். ஆகவே, 'மனசு சரியானதும் எல்லோரோடும் பேசுகிறேன்' என்று காத்திருந்தால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும். செயல் முதலில், மனநிலை பிறகு. 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்ற சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான். மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட முறைகளில் ஒன்று அது.

முதல் வாரம் எதையும் மாற்றவேண்டாம். ஒரு நோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், யாராவது உடன் இருந்தார்களா, மனநிலை 0 முதல் 10-க்குள் எவ்வளவு. பலருக்குக் காலை மிக மோசமாகவும் மாலை கொஞ்சம் இலகுவாகவும் இருக்கும். உங்களுக்கு எது இலகுவான நேரம் என்று ஏழு நாளில் தெரிந்துவிடும். மனிதர்களுக்கான முயற்சியை அந்த நேரத்தில்தான் வைக்கவேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து படிகள். பேசவேண்டிய கட்டாயம் இல்லாமல், மனிதர்கள் இருக்கும் ஓர் இடத்தில் 15 நிமிடம் இருப்பது முதல் படி. நூலகமோ பூங்காவோ, எதுவானாலும் சரி. அடுத்தது, ஒரே ஒருவருக்கு ஒரு செய்தி. பிறகு ஐந்து நிமிட அழைப்பு. 'அஞ்சு நிமிஷம்தான் பேச முடியும்' என்று முதலிலேயே சொல்லிவிட்டு. அதற்கப்புறம், முகம் பார்த்துப் பேசாமல் சேர்ந்து ஏதாவது செய்வது: அரை மணி நேர நடை, ஒரு பொருளைப் பழுது பார்ப்பது. குழுவாகக் கூடும் இடமெல்லாம் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் முன்னால், 'இது எவ்வளவு கஷ்டமாக இருக்கும்' என்று 10-க்கு மதிப்பெண் போடுங்கள். மூன்று, நான்கு வருவதைத்தான் எடுக்கவேண்டும். ஏழு வந்தால் அந்தப் படி பெரிது, இரண்டாக உடையுங்கள். ஒரே படியை மூன்று முறையாவது செய்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

முடிந்தபின் இன்னொரு மதிப்பெண்: உண்மையில் எப்படி இருந்தது? நினைத்ததைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்றுதான் பெரும்பாலும் வரும். மனச்சோர்வு எதிர்காலத்தை மோசமாகவே கணிக்கும். அந்தக் கணிப்பு தவறுவதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பதற்காகத்தான் இந்த நோட்டு.

எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நல்ல நாள் ஒன்று வந்ததும், நாற்பது செய்திகளுக்கும் ஒரே மூச்சில் பதில் போடுவார்கள். மறுநாள் நாற்பது பேரும் திரும்ப எழுதுவார்கள். அதைத் தாங்கமுடியாமல் மறுபடி ஃபோனை அணைத்துவிடுவார்கள். நாளுக்கு ஒருவர் போதும். பழைய மௌனத்துக்கு நீளமான மன்னிப்பும் தேவையில்லை. இப்படி எழுதலாம்: 'இத்தனை நாள் பதில் போடவில்லை, மனசு சரியில்லாமல் இருந்தது. உன்மேல் கோபம் ஒன்றுமில்லை. இப்போது நிறையப் பேச முடியாது, ஆனால் வாரம் ஒருமுறை நீ ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும்.' எதிரில் இருப்பவர் என்ன செய்யவேண்டும் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. உதவ நினைப்பவர்கள் விலகிப்போவது பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாமல்தான்.

மற்றவர்களின் படங்களையும் பதிவுகளையும் விரலால் தள்ளிக்கொண்டிருப்பதை நோட்டில் 'தனியாக இருந்தேன்' என்ற கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு இருப்பது டிப்ரஷனா, சோம்பேறித்தனமா என்றே தெரியவில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

சோம்பலாகப் படுத்திருப்பவருக்குப் படுக்கை சுகமாக இருக்கும். உங்களுக்கு அது சுகமாக இருக்கிறதா?

மருத்துவர்கள் ஒன்பது விஷயங்களைப் பார்க்கிறார்கள்: மனம் தாழ்ந்திருப்பது, எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாதது, பசியும் எடையும் மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது மிகுவது, உடலின் வேகம் குறைவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, அசதி, குற்ற உணர்வு, கவனம் சிதறுவது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் இருக்கவேண்டும். முதல் இரண்டில் ஒன்று அதில் கட்டாயம் சேரவேண்டும். 'பி.எச்.க்யூ-9' என்ற இலவச வினாத்தாள் இதே ஒன்பதையும் கேட்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் வந்தால், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போகவேண்டும்.

போகும்போது ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்: தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் அப்படியே மனச்சோர்வுபோல வேடம் போடும். நீங்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையைக் கெடுக்கும்.

கேள்வி: பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு சாலை விபத்து. உடம்பு ஆறிவிட்டது. ஆனால் பிரேக் சத்தம் கேட்டால் வியர்த்து, மறுபடி அந்த இடத்திலேயே நிற்கிறேன். அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை, இப்போது எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. கனவில் தினமும் அதே காட்சி. மனைவி 'மறந்துடுங்க' என்கிறாள். முடியவில்லை.

மறப்பது இதற்கு மருந்து இல்லை. மறக்க முயல்வதுதான் இதை உயிரோடு வைத்திருக்கிறது. சாதாரண நினைவில் 'இது அன்றைக்கு நடந்தது, முடிந்துவிட்டது' என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கும். அதிர்ச்சியில் பதிந்த நினைவு, தேதி முத்திரை குத்தாத கடிதம்போல. எப்போது கையில் எடுத்தாலும் இன்று வந்ததாகவே தோன்றும். அதனால்தான் ஒரு சத்தம் போதும், உடல் அந்த நாளுக்கே போய்விடுகிறது. மீண்டும் வாழ்தல், தவிர்த்தல், உலகத்தையும் தன்னையும் பற்றிய எண்ணங்கள் இருண்டுபோதல், எப்போதும் விழிப்பாகத் திடுக்கிடுதல். இவை நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் பி.டி.எஸ்.டி. என்று பெயர். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது.

முதலில், பிரேக் சத்தம் கேட்ட அந்த நிமிடத்துக்கு. கண்ணை மூடாதீர்கள், மூடினால் காட்சி பெரிதாகும். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். இன்றைய தேதி, வருடம், உங்கள் வயது, நிற்கும் இடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு சொல்லுங்கள்: 'அன்று மழை, இன்று வெயில். அன்று வண்டிக்குள் இருந்தேன், இன்று நடைபாதையில் நிற்கிறேன்.' கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று ஒலி, இரண்டு வாசனை, ஒரு சுவை என்று எண்ணுவதும் பலருக்கு உதவுகிறது. மூச்சை நாலு எண்ணும்வரை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை விடலாம். ஆனால் மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்கள் உண்டு. அப்படியானால் அதை விட்டுவிட்டுக் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் நனையுங்கள். இதையெல்லாம் அமைதியாக இருக்கும்போது தினம் இரண்டு தடவை பழகவேண்டும். திணறும் நேரத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் வேலை செய்யாது. அப்புறம் 'இதெல்லாம் எனக்குச் சரிவராது' என்று விட்டுவிடுவீர்கள்.

இது தீயை அணைக்கும் வேலை மட்டும்தான், சிகிச்சை வேறு. தவிர்த்தல் எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள்: முதலில் ஒரு சாலை, பிறகு எல்லா வண்டியும். அதைத் திரும்பச் சுருக்கும் முறைகள் இருக்கின்றன. எட்னா ஃபோவா உருவாக்கிய 'ப்ரொலாங்டு எக்ஸ்போஷர்' முறையில் வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. நடந்ததைப் பாதுகாப்பான அறையில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகவைப்பார்கள். பட்ரீசியா ரெசிக்கின் 'காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி' 12 அமர்வுகள். 'என்னால்தான் நடந்தது', 'இனி எங்கேயும் பாதுகாப்பில்லை' என்று இறுகிப்போன எண்ணங்களை அதில் சோதிப்பார்கள். விபத்தை விவரமாக விவரிக்கத் தயங்குபவர்களுக்கு, அந்த விவரிப்பு இல்லாமலே செய்யும் வடிவமும் அதில் உண்டு. ஃப்ரான்சின் ஷாபிரோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய இ.எம்.டி.ஆர். முறையும் பரிந்துரைக்கப்படுகிறது; அதில் நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் சொல்வார்கள். பதினான்கு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்கவேண்டாம். பல வருடம் கழித்து வந்தவர்களுக்கும் இவை பலன் தருகின்றன.

கனவுக்கு வேறொரு பயிற்சி. ஒரு கெட்ட கனவை எடுத்து, பகலில், அதன் முடிவையோ நடுவையோ உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி எழுதுங்கள். மாற்றிய கதையைத் தினம் 10 முதல் 20 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டுங்கள். விபத்தை அப்படியே காட்டும் கனவில் ஆரம்பிக்காதீர்கள். குறைவாகப் பயமுறுத்தும் ஒன்றை முதலில் எடுங்கள். சில வாரம் விடாமல் செய்யவேண்டும்.

உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுங்கள்: 'மறந்துடுங்க' என்பதற்குப் பதிலாக, 'இப்ப எங்க இருக்கோம்னு சொல்லுங்க' என்று அவர் கேட்டால் போதும்.

கேள்வி: நடந்ததைப் பேசினால் சரியாகும் என்று ஒருவரிடம் கவுன்சலிங் போனேன். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லவைத்தார். அதிலிருந்து இன்னும் மோசம். திரும்பப் போகவேண்டுமா?

அதே அறைக்குத் திரும்பவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மனக்காயத்துக்கான நல்ல சிகிச்சையில் முதல் சில அமர்வுகள் என்ன நடக்கிறது என்று விளக்குவதற்கும், திணறினால் என்ன செய்வது என்று பழக்குவதற்கும்தான். எவ்வளவு, எப்போது சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கவேண்டும். பேசியதும் எல்லாம் வடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அதிர்ச்சி நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்பதால் சிகிச்சை வழிகாட்டுதல்கள் அதை வேண்டாம் என்கின்றன.

முறையான சிகிச்சையிலும் கடினமான அமர்வுக்குப்பின் ஓரிரு நாள் கலக்கம் வரும். அது பயப்படவேண்டியதில்லை. வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால்தான் ஏதோ தவறு. அடுத்தவரிடம் போகும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த முறை, ஏறக்குறைய எத்தனை அமர்வு, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள், அமர்வுகளுக்கு நடுவில் மோசமானால் நான் என்ன செய்யவேண்டும். இவற்றுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

கேள்வி: டாக்டர் மாத்திரை கொடுத்துப் பத்து நாள். படபடப்பு கூடியிருக்கிறது, குமட்டல் வேறு. 'மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய், நிறுத்திவிடு' என்கிறார் அண்ணன். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகளில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். மக்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவது இதனால்தான். குமட்டலும் படபடப்பும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். சாப்பிட்டபின் எடுப்பது, தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுவது, அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. மாற்றம் 2 முதல் 4 வாரத்தில் தெரிய ஆரம்பிக்கலாம். சரியான அளவில் 6 முதல் 8 வாரம் எடுத்தபின்தான் பலன் இல்லை என்று முடிவு செய்யமுடியும்.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகள் வேறு: உட்காரவே முடியாத தவிப்பு, உயிரை விட்டுவிடும் எண்ணம் புதிதாக வருவது அல்லது கூடுவது. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை முதல் வாரங்களில் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். தூக்கமே தேவைப்படாமல் அளவு மீறிய உற்சாகம் வந்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும். முன்பு எப்போதாவது, சில நாள் தூங்காமலே சக்தி பொங்கி, பணத்தை இறைத்த காலம் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயாக இருந்தால் மருந்தே வேறு.

போதைபோல இவை ஏங்கவைப்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வு வரலாம். பராக்ஸெட்டினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம், உடலை விட்டு மெதுவாக வெளியேறும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. நலமானபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

கேள்வி: தூக்கத்துக்காக ராத்திரி கொஞ்சம் குடிக்கிறேன். மாத்திரையைவிட இது பரவாயில்லையா?

இல்லை. மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். முன்னிரவில் அடக்கப்பட்ட கனவுத் தூக்கம் பின்னிரவில் பொங்கிவருவதால் கெட்ட கனவும் கூடும். மறுநாள் மனம் இன்னும் தாழும். தினம் நிறையக் குடித்துப் பழகியவர் மட்டும் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு நிறுத்தவேண்டும்; திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தூக்கத்துக்கு: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு வேறிடம் போய், கண் சொக்கும்போது திரும்புவது. முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும்.

கேள்வி: மகனுக்கு 24 வயது. நான்கு மாதமாக அறையை விட்டு வருவதில்லை. 'உனக்கு என்ன குறை வெச்சோம்' என்று கேட்டால் இன்னும் மூடிக்கொள்கிறான். அழுவதா, அதட்டுவதா தெரியவில்லை.

அம்மா, 'என்ன குறை' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாததே அவருக்குக் குற்ற உணர்வாகிறது. கேள்வி இல்லாமல் அருகில் இருங்கள். தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம், அறையில் போய் உட்கார்ந்து உங்கள் வேலை எதையாவது செய்யுங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து 'நாளைக்கு வரேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்தில் வருவதும் சொன்ன நேரத்தில் எழுவதும் முக்கியம். 'என்ன வேணும்?' என்பதும் அவருக்குப் பெரிய கேள்வி. 'இப்ப குளிக்கிறியா, சாயங்காலமா?' என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். 'டாக்டரைப் போய்ப் பார்' என்று சொல்லாமல், 'வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன், நானும் வரேன், உள்ளே நீ மட்டும் பேசலாம்' என்று சொல்லுங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் ஆலோசனை கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்டுவிடவேண்டும்: 'செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. 'ஆமாம்' என்றால் அழாமல், உபதேசிக்காமல், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். வழியும் நேரமும் மனதில் இருந்தால் அது அவசர நிலை. தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிக்கொல்லி, கூர்மையான பொருட்களை எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அதுவரை கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பது உயிரைக் காக்கும்.

எண்ணம் மட்டும் வந்துபோகிறது என்றால், மருத்துவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதலாம். பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த வடிவத்தில் ஆறு பகுதிகள்: வேகம் ஏறுவதற்கான முன்னறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, கவனம் திருப்பும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் அவசர எண்களும், வீட்டைப் பாதுகாப்பாக்குவது. அவரே தன் கையால் எழுதவேண்டும். ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

நீங்கள் இருபத்துநாலு மணி நேரமும் அறை வாசலில் காவல் இருக்கமுடியாது. வாரத்தில் சில மணி நேரம் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் வெளியே போய்வாருங்கள்.

கேள்வி: கொஞ்சம் தேறியிருக்கிறேன். அடுத்த வாரம் பழைய நண்பர்கள் கூடுகிறார்கள். 'எங்கே போனே இத்தனை நாள்?' என்று கேட்பார்களே?

கேட்பார்கள். எனவே ஒரு வாக்கியத்தை முன்னாலேயே தயார் செய்யுங்கள்: 'உடம்பு சரியில்லாம இருந்தது, இப்ப தேறிட்டு வரேன். நீ எப்படி இருக்கே?' இது பொய்யும் இல்லை, முழுக்கதையும் இல்லை. நம்பும் ஒருவருக்கு மட்டும் விவரம் முன்பே தெரிந்திருப்பது நல்லது. பேச்சு நீண்டால் அவர் திசை திருப்பிவிடுவார். கூட்டம் சேருமுன் சீக்கிரம் போங்கள். நிறைந்த அறைக்குள் நுழைவதைவிட நிறையும் அறையில் இருப்பது எளிது. முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, கூப்பிட்டவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றாக இருந்தாலும் அப்போதே கிளம்புங்கள். மறுநாள் காலை, பேசியதையெல்லாம் ஓட்டிப் பார்த்து 'ஏன் அப்படிச் சொன்னேன்' என்று மனம் தாழ வாய்ப்பு உண்டு. அந்தக் காலைக்கு ஒரு நடையையோ வேறு சிறு வேலையையோ முன்பே குறித்துவையுங்கள். அடுத்த அழைப்பை ஏற்பதா வேண்டாமா என்பதை மூன்றாம் நாள் முடிவு செய்யுங்கள்.